மிச்சம் தொண்ணூறு

மற்றவர்கள் எங்கள் துப்பறியும் அலுவலகக் கதவைத் தட்டுவார்கள். அந்தப் பெண் தட்டவில்லை. திறந்துகொண்டு நேரே மேஜை முன்னால் வந்து நின்றாள். முழங்கால் வரை ஈரமான பேண்ட், ரப்பர் செருப்பு, நகக்கண் எல்லாம் கிரீஸ். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

"சார், எங்க அக்காவைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இருட்டறதுக்குள்ள."

என் முதலாளியான சாருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருஷம் ஒரு டைவிங் கடையில் கம்ப்ரஸர் திருட்டுப்போய் நாங்கள் மீட்டுக் கொடுத்தோம். அந்தக் கடைப் பெண். கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது அவள் வேலை. கடையை நடத்துவது அவளுடைய அக்காவும் அக்கா புருஷனும்.

"உட்காரும்மா."

"உட்கார நேரமில்ல சார்."

நின்றபடியே சொல்லி முடித்தாள். காலை பத்தரைக்கு அக்காவும் மாமாவும் இறங்கியிருக்கிறார்கள். கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால், முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அடுத்த வாரம் வரப்போகும் மாணவர்களுக்காக வழி பார்த்து வைக்கப் போன இடம் அது. இறங்கியது இரண்டு பேர், மேலே வந்தது மாமா மட்டும். கண்மண் தெரியாத வேகத்தில் வந்ததால் அவருக்கு ரத்தத்தில் குமிழி கட்டி, இரண்டு காலும் மரத்துப்போய், இப்போது ஆஸ்பத்திரியில் அழுத்த அறைக்குள் படுத்திருக்கிறார்.

"மாமா என்ன சொல்றார்?"

"அக்காவுக்குக் காத்து தீர்ந்துடுச்சாம். இவர் தன்னோட காத்தைக் குடுத்தாராம். ஒரே சிலிண்டர்ல ரெண்டு பேரும் மூச்சு விட்டாங்களாம். அப்புறம் அக்கா பயந்துபோய் உதறிக்கிட்டு அடியில போயிட்டாளாம்." கடிகாரத்தைப் பார்த்தாள். "மீட்புப் படகு மூணும் கப்பலுக்கு மேலயே நின்னு அடியில தேடுது. ஆறே காலுக்கு வெளிச்சம் போயிடும். நிறுத்திட்டு நாளைக்கு உடம்பைத் தேடுவாங்களாம். உடம்பை!"

"போலீஸ்?"

"நான் சரியா நிரப்பலைன்னு சொல்றாங்க. அது கிடக்கட்டும் சார். என்னை உள்ள வச்சாலும் வைக்கட்டும். அக்காவுக்குக் காத்து தீராது. கடற்கரையில அவளுக்குப் பேரே 'மிச்சம்'தான். எப்ப மேல வந்தாலும் சிலிண்டர்ல மிச்சம் வச்சுக்கிட்டுதான் வருவா."

"தங்கச்சி சாட்சி எல்லாம் எடுபடாதும்மா," என்றேன் நான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பள உயர்வு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

சார் இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்த்தவர். எரியாத கடை எரிந்தது, ஓடாத லாரி கவிழ்ந்தது என்று கேட்டுக் கேட்டு, மனிதர்கள் பேச்சை நம்புவதையே விட்டுவிட்டார். பொருள்களை நம்புவார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண்பிள்ளை ஆயிற்றே என்ற தயவுகூட இல்லாமல் 'வாய்' என்பார்.

"வாய், காரை எடு," என்றார்.

கடையின் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி. அதன் மேலே வரிசையாக மரக் கொக்கிகள். நனைந்த சாமான்களை உலரப்போடும் இடம். ஒன்றில் மாமாவின் உடுப்பும் சிலிண்டரும் தொங்கின. படகுக்காரர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த கொக்கி வெறுமனே இருந்தது. தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து இந்த இடத்துக்கு வர மனசு வரவில்லை என்றாள்.

சுவரில் ஒரு கரும்பலகை. சுண்ணாம்புக் கட்டியால் அக்காவின் கையெழுத்து: '30 மீட்டர். 25 நிமிஷம். மிச்சம் 90.'

"இது என்ன தொண்ணூறு?" என்று சார் கேட்டார்.

"பார் சார். காத்தோட அழுத்தம். நான் இருநூறு நிரப்புவேன். அம்பது மிச்சம் இருக்கும்போது மேல வந்தா போதும்னு மாமா சொல்வார். அக்கா ஒத்துக்க மாட்டா. மிச்சம் வைக்கறது நமக்கில்ல, கூட வர்றவனுக்கும்பா. ஒருத்தருக்குக் காத்து போயிட்டா ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல வரணும். பயத்துல மூச்சு எகிறும். அதுக்காக ஓடியும் வர முடியாது. நின்னு நின்னுதான் ஏறணும். அத்தனைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டா இந்த ஆழத்துக்குத் தொண்ணூறு. அது போதாதுன்னு தனியா ஒரு சின்ன சிலிண்டர் வேற மாட்டிக்குவா. 'தனிக்குடித்தனம் போறியா?'ன்னு மாமா கிண்டல் பண்ணுவார்."

"நின்னு நின்னுன்னா?" என்றேன். குளிக்கிற வாளியைத் தாண்டி எனக்குத் தண்ணீரோடு பழக்கம் கிடையாது.

"சோடா பாட்டிலை மெதுவா திறந்தா பொங்காதுல்ல? அந்த மாதிரி. நிமிஷத்துக்கு ஒம்பது மீட்டர்தான் ஏறலாம். அஞ்சு மீட்டர் ஆழத்துல நின்னு மூச்சு விடணும். அப்பதான் உடம்புல ஏறின வாயு மெதுவா வெளிய போகும். மாமா சடார்னு திறந்த பாட்டில்."

சார் மாமாவின் சிலிண்டரில் காற்றளவு காட்டும் கேஜைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு கம்ப்ரஸர் பக்கத்தில் கிடந்த நீள நோட்டைப் புரட்டினார். யார் எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தார்கள், எவ்வளவு காற்றோடு திரும்பினார்கள் என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வரி.

"எல்லார் மூச்சும் இதுல இருக்கு சார். அக்கா எழுதி வைக்கச் சொல்வா. முப்பது மீட்டர்ல மேல இருக்கறதைவிட நாலு மடங்கு காத்து செலவாகும். மாமாவுக்கு நிமிஷத்துக்கு எட்டு பார். அக்காவுக்கு நாலரை. பலகையில இருக்கற இருபத்தஞ்சு நிமிஷம் அதிகபட்சம்தான், அதுக்கு முன்னால யாரோட கேஜ் தொண்ணூறைத் தொட்டாலும் ரெண்டு பேரும் திரும்பிடணும்பா அக்கா."

சார் அந்த இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். காகிதத்தில் எழுதினால் தொலைத்துவிடுவார். அடுத்து மாமாவின் உடுப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தவர், மார்புப் பக்கம் நின்றுவிட்டார். அங்கே மஞ்சள் நிறத்தில் ஓர் உதிரி ரெகுலேட்டர், அதாவது மூச்சு விடுகிற இரண்டாவது வாய்க்குழாய், வெள்ளை நூலால் கட்டியிருந்தது.

"இந்த நூல்?"

"நான்தான் கட்டுவேன் சார். உதிரி ஆடாம இருக்கணும், ஆனா கூட இருக்கறவருக்குக் குடுக்க வேண்டி வந்தா ஒரே இழுப்புல கையோட வரணும். அதான் பஞ்சு நூல். இழுத்தா அறுந்துடும். தினம் காலைல புது நூல் போட்டு..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். நூல் முழுசாக இருந்தது. காலையில் போட்ட முடிச்சு காலையில் போட்டபடியே இருந்தது.

"தன் வாயில இருந்ததையே கழட்டிக் குடுத்திருந்தா?" என்றேன்.

"அப்ப தன் வாய்க்கு உதிரி வேணுமே," என்றார் சார். "எப்படிக் குடுத்தாலும் நூல் அறுந்திருக்கணும். இவர் யாருக்கும் காத்து குடுக்கல."

அடுத்ததைக் கண்டுபிடித்தது நான். பெருமைப்பட்டுக்கொள்ளும் மனநிலையில்தான் இல்லை. உடுப்பின் இடது தோள்பட்டை வளையத்தில் ஒரு பித்தளைக் கொக்கி மாட்டியிருந்தது. கொக்கியில் இரண்டு அங்குலத்துக்குச் சிவப்புக் கயிறு. அதன் நுனி கத்தியால் வெட்டுப்பட்டிருந்தது.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. "அது மாமாவோடது இல்ல. அக்காவோட சின்ன சிலிண்டர் கொக்கி. முடிச்சு நான் போட்டது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "பிடுங்கியிருக்கான் சார்! பொண்டாட்டியோட காத்தைப் பிடுங்கிக்கிட்டு மேல வந்துட்டு, அவளுக்குக் காத்து தீர்ந்துபோச்சுன்னு கதை விட்டிருக்கான், படுபாவி!"

தங்கை ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். சார் என்னவோ அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கியோட திறப்பு உள்பக்கம் பாத்து இருக்கு. உங்க மாமா இப்படித்தான் மாட்டுவாரா?"

"இல்ல சார். மாமா எதையும் வெளிப்பக்கமா மாட்டுவார். அக்கா எத்தனையோ தடவை சொல்லிட்டா, கயிறு சிக்கும், உள்பக்கமா மாட்டுங்கன்னு. கேட்க மாட்டார்."

"சரி, எழுந்திரும்மா. படகுக்காரரைப் பாக்கணும்," என்றார்.

படகுக்காரர் துறையில் ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கண்ணைப் பார்க்கவில்லை.

"அவர் எங்க மேல வந்தார்?" சார் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மணி மூன்றரை தாண்டியிருந்தது.

"படகுலேருந்து நாப்பது மீட்டர் தள்ளி. மணி பதினொண்ணு. ஒரே கத்தல். நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போச்சு. போய்த் தூக்கினேன்."

"படகு நங்கூரத்துல நின்னுச்சு இல்ல?"

படகுக்காரர் கைவிரல்களைப் பிசைந்தார். "தனி ஆள் சார். நங்கூரம் தூக்கிக்கிட்டு நின்னா அவர் போயிடுவார். கயிறை வெட்டிட்டேன்."

"அந்தக் கயிறைப் பிடிச்சுக்கிட்டுதானே ரெண்டு பேரும் நின்னு நின்னு மேல வரணும்?"

"...ஆமா."

தங்கையின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. நகத்தடம் இரண்டு நாள் இருந்தது.

"அப்புறம்?"

"அவ போயிட்டா, அடியில போயிட்டா, என்னைக் கரையில சேருன்னு அழுதார். கால் வரலைன்னார். பத்து நிமிஷம் சுத்திச் சுத்திப் பாத்தேன் சார். தண்ணி மேல ஒண்ணுமே இல்ல. கிளம்பிட்டேன்."

"நீரோட்டம் எந்தப் பக்கம்?"

"அப்ப வடகிழக்கே. ரெண்டு மணிக்கு மேல திரும்பியிருக்கும்." சாரின் முகத்தைப் பார்த்தார். "கயிறைப் பத்தி யாரும் கேக்கல சார். நான் தப்புப் பண்ணிட்டேனா?"

சார் காரை நோக்கி நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் கடல் மீட்பு அலுவலகத்து அதிகாரிக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார். நூல், கொக்கி, வெட்டிய கயிறு மூன்றையும் நாலு வரியில் சொன்னார்.

"படகுகளைக் கப்பல்கிட்டேருந்து நகர்த்துங்க. மேல தேடுங்க."

"எப்படி சார் நகர்த்துவேன்?" அதிகாரியின் குரலில் களைப்பு. "கூட இருந்தது ஒரே ஆள். காத்து தீர்ந்து அடியில போயிட்டாங்கன்னு அவர் சொல்றார். அவர் புருஷன். ஒரு நூலையும் கொக்கியையும் நம்பி, அடியில தேடறதை விட்டுட்டுக் கடல் பூரா அலைஞ்சு, கடைசில அவங்க கப்பல்கிட்டயே கிடந்தா?"

"அவரே மாத்திச் சொன்னா?"

"அடுத்த நிமிஷம் நகர்த்தறேன். ஆனா ஆறே காலு வரைக்கும்தான் எனக்கு வெளிச்சம்."

சார் போனை வைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போ."

"கொலைகாரன்கிட்டயே போய் சாட்சி சொல்லக் கேக்கப் போறோமா சார்?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

அழுத்த அறை என்பது ஓர் இரும்பு உருளை. தண்ணீர் லாரியின் தொட்டியைக் கொண்டுவந்து அறைக்குள் படுக்கப்போட்டதுபோல இருந்தது. பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் கட்டிலில் மாமா. வாட்டசாட்டமான ஆள். கடைச் சுவரில் சுறா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றைப் பார்த்திருந்தேன், அதே முகம்தான். இப்போது ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பேசுவதற்கு வெளியே ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் உள்ள இருக்கணும். ரொம்பப் படுத்தாதீங்க," என்றார் டாக்டரம்மா. மணி நாலு இருபத்தைந்து.

சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தங்கை கண்ணாடியில் படாமல் என் பின்னால் நின்றாள். மாமா மாஸ்க்கை விலக்கிப் பழைய கதையையே சொன்னார். அவளுக்குக் காற்று தீர்ந்தது, நான் கொடுத்தேன், பயந்து உதறினாள், போய்விட்டாள். மனப்பாடம் செய்த பிள்ளைபோல ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

"உதிரி ரெகுலேட்டர் நூல் அறுபடலையே," என்றார் சார்.

மாமா மாஸ்க்கை மறுபடி முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அவங்க சின்ன சிலிண்டர் கொக்கி உங்க தோள்ல இருக்கே."

"நான் பிடுங்கல!" ஒலிபெருக்கி கரகரத்தது. "சத்தியமா அவகிட்டேருந்து பிடுங்கல!"

"தெரியும்," என்றார் சார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஒரு மணி நேரமாக மனசுக்குள் இந்த மனிதனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தவள் நான்.

"பிடுங்கறவன் அதை ஒழுங்கா மாட்டிக்கிட்டு நிக்க மாட்டான். மாட்டியிருந்தாலும் உங்க பழக்கப்படி வெளிப்பக்கமா மாட்டியிருப்பீங்க. இது உள்பக்கம் பாக்குது. உங்களுக்கு நேர் எதிர்ல நின்னு உங்க சம்சாரம் மாட்டிவிட்டிருக்காங்க. முப்பது மீட்டர் ஆழத்துல, கை நடுங்காம. காத்து தீர்ந்தவங்க கை அப்படி நிதானமா இருக்குமா?" சார் உள்ளங்கையைப் பார்த்தார். "நீங்க நிமிஷத்துக்கு எட்டு பார். இருபத்தஞ்சு நிமிஷம். எட்டு இருபத்தஞ்சு எவ்வளவு சார்?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இருநூறு. நிரப்பினதும் இருநூறு. காத்து தீர்ந்தது உங்களுக்கு. அவங்களுக்கு நாலரை. இன்னும் கிட்டத்தட்ட தொண்ணூறு இருந்திருக்கும். சின்ன சிலிண்டரை உங்களுக்குக் குடுத்த பிறகும்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கொலையைத் தேடிக்கொண்டு வந்தேன். இவர் உயிரோடு இருக்கிறவளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீங்க செஞ்சது பத்தி எனக்கு இப்ப கவலையில்ல," என்று சார் தொடர்ந்தார். "அவளுக்குக் காத்து தீர்ந்துடுச்சுன்னு நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக மூணு படகு அடியில பொணம் தேடுது."

"அவ செத்துட்டா சார்." மாமாவின் குரல் உடைந்தது. "படகுலேருந்து பாத்தேன். பத்து நிமிஷம் பாத்தேன். மேல வரவே இல்ல."

"ஏன் வரணும்? அவங்க உங்களை மாதிரி பாஞ்சு வர்ற ஆளா? அஞ்சு மீட்டர் ஆழத்துல நின்னுக்கிட்டிருந்திருப்பாங்க. உங்களைத் தூக்க வர்றதுக்குப் படகுக்காரர் நங்கூரக் கயிறை வெட்டிட்டார். பிடிச்சு நிக்கக் கயிறு இல்ல. அவங்க பாட்டுக்கு நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருக்க, நீரோட்டம் அவங்களை நகர்த்திக்கிட்டே போயிருக்கு. எல்லாத்தையும் முறையா முடிச்சு மேல வந்து பாத்தா, படகு இல்ல."

நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு தலை. அவள் எவ்வளவு நேரம் கத்தியிருப்பாள்!

தங்கை என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"மாமா. நான் எதுவும் கேக்கல. யார்கிட்டயும் எதுவும் சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அக்காகிட்ட காத்து இருந்துச்சா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய மனிதர் குலுங்கினார். உள்ளே இருந்த நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூறு இருந்துச்சும்மா. கேஜைத் திருப்பிக் காட்டினா. திரும்பலாம்னு மூணு தடவை என் சிலிண்டர்ல தட்டினா. இன்னும் ஒரு நிமிஷம்னு நான்தான் விரலைக் காட்டினேன். என் கேஜை நான் பாக்கவே இல்ல. திடீர்னு இழுத்தா காத்து வரல. அவ சின்னதை என் வாயில வச்சு, மாட்டிவிட்டு, மெதுவா, மெதுவான்னு கையைக் காட்டி என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. நான் அவ கையை உதறிட்டு மேல பாஞ்சுட்டேன்."

"சிலிண்டர் எங்க?" என்றார் சார்.

"படகு வர்றதுக்குள்ள அறுத்துக் கடல்ல விட்டுட்டேன்."

கால் மரத்துக்கொண்டிருக்கிற நேரத்திலும் அதற்குக் கத்தி எடுத்திருக்கிறார். எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும்போல இருந்தது.

"ஏன் மாமா?"

"என்னன்னு சொல்வேன்? அம்பது போதும், அம்பது போதும்னு ஊருக்கே பாடம் எடுத்தவன்மா நான். படகுல ஏறினதும் வாயில அப்படி வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்ததிலிருந்து அது அதிகாரியோடு இணைப்பில்தான் இருந்திருக்கிறது.

"கேட்டுச்சு," என்றது போன். "எத்தனை மணிக்கு மேல வந்திருப்பாங்க?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். "அதிக நேரம் கீழ இருந்துட்டா, கேஜ் முப்பதுக்கு வர்ற வரைக்கும் அஞ்சு மீட்டர்லயே நிப்பா சார். அங்க காத்து கொஞ்சமாத்தான் செலவாகும். அரை மணி நேரம் ஆகும். பதினொண்ணரைக்கு மேல வந்திருப்பா."

அதிகாரி யாரிடமோ வேகமாகப் பேசுவது கேட்டது. "ரெண்டு மணி வரைக்கும் வடகிழக்கே போயிருக்கும். அப்புறம் நீரோட்டம் திரும்பினாலும் கடல்மேல அடிக்கற காத்து கிழக்கே தள்ளும். மூணு படகையும் பரப்பி அனுப்பறேன். நீங்க இங்க வந்துடுங்க."

மீட்பு அலுவலகத்தில் ஒரு நீளமான ஜன்னல், ஒரு வரைபட மேஜை, ஒரு வயர்லெஸ் பெட்டி. ஐந்து மணிக்கு உள்ளே போனோம். ஐந்தரைக்கு முதல் படகு "ஒண்ணும் இல்ல" என்றது. ஐந்தே முக்காலுக்கு இரண்டாவது படகும் அதையே சொன்னது. மூன்றாவது படகு ஒரு பிளாஸ்டிக் கேனைப் பார்த்துவிட்டு "இருக்கு, இருக்கு" என்று கத்தி, பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்த அரை நிமிஷத்தை நான் என் விரோதிக்கும் விரும்ப மாட்டேன்.

தங்கை ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் மஞ்சள் மங்கிச் சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமே சார்," என்று, டாக்டரம்மாவோடு போன் பேசி முடித்த சாரை நான் மெதுவாகக் கடிந்துகொண்டேன். "கடையிலேயே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு."

"சொல்லி, அக்கா கிடைக்கலைன்னா? அந்தப் பொண்ணு ஒரே நாள்ல ரெண்டு தடவை அக்காவைச் சாகக் குடுக்கணுமா?" அவர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். வியர்வையில் எண்கள் எப்போதோ அழிந்துவிட்டிருந்தன.

ஆறே கால். அதிகாரி மைக்கை எடுத்தார். படகுகளைத் திரும்பக் கூப்பிடும் நேரம். தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்.

ஆறு இருபத்திரண்டுக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"ஆரஞ்சுக் குழாய் ஒண்ணு மிதக்குது. டைவருங்க அடையாளத்துக்கு ஊதி மிதக்க விடறது மாதிரி இருக்கு. கிட்டப் போறோம்."

அதற்குப் பிறகு நாலு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை. நாலு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதை அந்த ஜன்னலோரம் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். நான் எனக்குத் தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொல்லி முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

"ஆள் இருக்காங்க! உயிரோட இருக்காங்க! ஏத்திட்டோம்!"

அதிகாரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் சாரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அவரும் தள்ளிவிடவில்லை. தங்கை மட்டும் அசையாமல் நின்றாள்.

"சார்," என்றது வயர்லெஸ், "ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசணும்னு அடம்பிடிக்கிறாங்க."

"குடு. தங்கச்சி இங்கதான் நிக்கறாங்கன்னு சொல்லு."

தொண்டை கட்டிப்போன ஒரு குரல் வந்தது. "எங்க அந்த ஆளு? மூணு தடவை தட்டினேன்! மூணு தடவை! ஒரு நிமிஷமாம் ஒரு நிமிஷம்! மெதுவான்னு கையைக் காட்டினா, உதறிட்டா போறது? மேல வந்து பாத்தா கயிறையும் காணோம், படகையும் காணோம். ஏழு மணி நேரம்! கத்திக் கத்தித் தொண்டையே போச்சு! வரட்டும், அவருக்கு இருக்கு..."

தங்கை வயர்லெஸ் பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "திட்டு அக்கா, நல்லாத் திட்டு," என்று முணுமுணுத்தாள். அது அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய அலைவரிசை என்று சுவரில் எழுதியிருந்தது. அதிகாரி அந்தச் சுவரைப் பார்க்கவே இல்லை.

திட்டு ஒரு முழு நிமிஷம் ஓடி, மூச்சு வாங்கி நின்றது. மாஸ்க்கை வைத்து எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், ரொம்பச் சின்னதாக:

"அவ்வளவு வேகமா போனாரே. அவருக்குக் கை கால் வருதாடி?"

அந்த நாள் பூராவும் எங்கள் முன்னால் வாய்விட்டு அழாத பெண் அப்போது அழுதாள். சார் குனிந்து மைக்கை எடுத்தார்.

"வலது கால் விரல் அசையுதும்மா. டாக்டர் இப்பதான் போன் பண்ணினாங்க."

வயர்லெஸ்ஸில் படகு எஞ்சின் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் அக்கா. "அசையாம படுத்திருக்கச் சொல்லுங்க. நான் வந்து பேசிக்கறேன்."